துறைமுக ஊரில் பழைய வீடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் கணவரும் நெய்வேலியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில், முற்றமும் திண்ணையும் உள்ள பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விற்பவர்களின் பாட்டனார் பாய்மரத் தோணியில் சரக்கு ஏற்றி வணிகம் செய்தவராம். இப்போது வாரிசுகள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டு வரி ரசீது இன்னும் பாட்டனார் பெயரிலேயே வருகிறது. தாய்ப்பத்திரத்தின் நகலைத்தான் காட்டுகிறார்கள். சுவரில் ஆங்காங்கே உப்புப் பூத்திருக்கிறது. மற்றபடி வீடு எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. விலை 40 லட்சம் ரூபாய். முன்பணம் கொடுக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, நெய்வேலி

பதில்: முன்பணத்தை இப்போதைக்கு வங்கியிலேயே விட்டுவையுங்கள். வீடு பிடித்துப்போனதில் தவறில்லை; முற்றத்தில் வெயில் விழுகிற வீட்டைப் பார்த்தால் யாருக்கும் மனம் போகத்தான் செய்யும். ஆனால் பழைய துறைமுக ஊர்களில் நாம் கொடுக்கிற விலையில் பெரும்பகுதி மண்ணுக்குத்தானே தவிர, சுவருக்கும் ஓட்டுக்கும் அல்ல. அந்த மண் யாருடையது, அதன்மேல் எந்தத் தண்ணீர் எப்போது ஏறும் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகு தேக்குத் தூணை ரசிக்கலாம்.

மண்ணிலிருந்தே தொடங்குவோம். முதுநகர் போன்ற பழைய குடியிருப்புகளில் கட்டடம் ஒருவருடையதாகவும், அது நிற்கிற மனை கோயிலுக்கோ மடத்துக்கோ பள்ளிவாசலுக்கோ உரியதாகவும் இருக்கக்கூடும். தலைமுறை தலைமுறையாக அடிமனை வாடகை கட்டிக்கொண்டு, 'எங்கள் வீடு' என்றே சொல்லி வாழ்ந்திருப்பார்கள். அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் விற்கும்போது அவர்களால் விற்க முடிவது கட்டடத்தை மட்டுமே. அடிமனை வாடகை கட்டுபவர் அந்த மனையை விலைக்குக் கேட்டு வாங்குவதற்கு 1921ஆம் ஆண்டின் நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த வழியும், சமய நிறுவனங்களின் நிலங்களைப் பொறுத்தவரை 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அடைபட்டுவிட்டது. கோயில் நிலத்தையும் வக்பு நிலத்தையும் உரிய அனுமதியில்லாமல் விற்கும் பத்திரத்தைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது. ஆகவே பத்திர நகலை எடுத்து, சொத்து விவரம் எழுதியிருக்கும் கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். 'அடிமனை நீங்கலாக' என்றோ 'கட்டடம் மட்டும்' என்றோ ஒரு சொல் இருந்தால் பேச்சே வேறு. அதோடு, நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்து, அந்த அளவை எண்ணுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டு வரி ரசீது யார் வரி கட்டுகிறார் என்பதைத்தான் காட்டும். யார் உரிமையாளர் என்பதை அது நிறுவாது. துறைமுகத்தை ஒட்டிய பழைய கிட்டங்கிகளை, அதாவது சரக்குக் கிடங்குகளை, வீடாக மாற்றி விற்க வருபவர்களிடம் இன்னும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும்: அந்த இடம் அரசுக் குத்தகை நிலமா, சொந்த நிலமா?

வாரிசுகள் ஐந்து பேர் என்பது விற்பவர்கள் சொல்லும் கணக்கு. உங்கள் வழக்கறிஞர் தம் கணக்கைத் தனியாகப் போட வேண்டும். பாட்டனாருக்குப் பெண் மக்கள் எத்தனை பேர், அவர்களுடைய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், "அவர்களுக்குச் சீர் செய்து கட்டிக்கொடுத்தாகிவிட்டது" என்ற பதில் வரக்கூடும். சீர் வேறு, பங்கு வேறு. பாட்டனார் உயில் எழுதாமல் இறந்த இந்துவாக இருந்து, அது அவருடைய தனிச் சொத்தாகவும் இருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு உண்டு; கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால் தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் நடுவண் அரசின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இசுலாமியக் குடும்பமென்றால் ஷரீஅத் பங்குக் கணக்கு, கிறித்தவக் குடும்பமென்றால் இந்திய வாரிசுரிமைச் சட்டம். எந்தச் சட்டமானாலும் பெண் மக்களை விட்டுவிட்டு எழுதிய கிரயம் பின்னாளில் நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும். பங்குள்ள அனைவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அல்லது தம் பங்கைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தின் மூலம் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். இறந்துபோன மகனின் பிள்ளைகளில் யாராவது மைனராக இருந்தால், நீதிமன்ற அனுமதியில்லாமல் அந்தப் பங்கை வாங்காதீர்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர் நேரில் வந்து கையெழுத்திடுவதே எல்லாவற்றிலும் எளிது. வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பத்திரப் பதிவின்போது அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றும் வேண்டும். இதில் பலரும் கவனிக்காமல் விடுவது வருமான வரி. இந்தியாவில் வசிப்பவரிடமிருந்து வாங்கும்போது விலை 50 லட்சத்தைத் தொட்டால்தான் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு அந்த வரம்பும் கிடையாது, அந்த 1 சதவீதமும் கிடையாது; விகிதம் அதைவிட அதிகம். பிடிக்காமல் முழுத்தொகையையும் கொடுத்துவிட்டால் வருமான வரித் துறை உங்களிடம்தான் கேட்கும். பேச்சு முடிவதற்கு முன்பே ஒரு கணக்காயரைப் பார்த்துவிடுங்கள்.

தாய்ப்பத்திரத்தின் அசல் எங்கே என்ற கேள்வியை நயமாக, ஆனால் விடாமல் கேளுங்கள். வங்கியில் இருக்கலாம், வட்டிக்குக் கொடுப்பவரிடம் இருக்கலாம், பங்காளி ஒருவரின் பீரோவில் இருக்கலாம். மூன்றும் மூன்று விதமான தலைவலி. உண்மையிலேயே தொலைந்துபோயிருந்தால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று பெற்று, நாளிதழில் அறிவிப்பும் கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கித் தரச் சொல்லுங்கள். அது விற்பவரின் வேலை, அவருடைய செலவு. வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 1975க்கு முற்பட்ட காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். பாட்டனார் காலத்து வீட்டுக்கு அந்தப் பழைய பக்கங்கள்தான் முக்கியம். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும் என்பதையும், பதிவு செய்யாத கைக்கடன் எதுவும் அதில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனித் தண்ணீர். பாய்க்கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரையோரம் நங்கூரமிட்டிருந்த கப்பல்கள், ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவம் தொடங்கும் முன்பே கரையை விட்டு விலகிப் போய்விடும். ஒதுங்க இடமில்லாத கரை இது என்பது மாலுமிகளுக்குத் தெரியும். வீடு பார்க்கப் போகிறவர் இதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் எந்த வீடும் நல்ல வீடுதான். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ, இரண்டு நாள் அடைமழை பெய்து முடித்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

கடலூரின் அமைப்பு அப்படி. உப்பனாறு கடலுக்கு இணையாகத் தெற்கிலிருந்து வந்து முதுநகரைத் தொட்டுக்கொண்டு கடலைச் சேர்கிறது. கெடிலம் நகரை ஊடறுத்து வருகிறது. வடக்கே தாழங்குடாவில் தென்பெண்ணை கடலில் விழுகிறது. மேற்கே பெய்த மழையெல்லாம் இறங்கி வரும் அதே நேரத்தில் கடலில் ஏற்றமும் கரையை நோக்கிய காற்றும் சேர்ந்துகொண்டால், முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் வெளியேற வழியின்றி ஊருக்குள் எதிரேறும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015இல் பெருவெள்ளம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து வந்த தென்பெண்ணை வெள்ளம் என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையிலிருந்து வந்தது. 'இந்தத் தெருவில் சுனாமியே வரவில்லை' என்று தரகர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். 2015இல் என்ன ஆயிற்று என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அவரைவிட எதிர்வீட்டுக்காரரையும், தெருமுனையில் தேய்ப்பு வண்டி வைத்திருப்பவரையும் கேட்பது மேல். வீட்டுக்குள்ளேயும் சாட்சி இருக்கும். மின் மீட்டர் பெட்டியும் பிளக் போர்டுகளும் வழக்கத்தைவிட உயரத்தில் இருக்கின்றனவா, சுவர் அலமாரியின் கீழ்த்தட்டு மட்டும் புதிய மரமாக இருக்கிறதா, பழைய கதவின் அடிப்பாகத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாலையை மேல்மேலே போட்டு உயர்த்தியதால் முற்றம் தெருவைவிடத் தாழ்ந்துபோன வீடுகள் பழைய ஊர்களில் நிறைய உண்டு. அப்படியிருந்தால் முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று ஒரு குடம் தண்ணீரை ஊற்றியே பார்த்துவிடலாம்.

குடிநீரையும் சோதித்துவிடுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்கு. முதுநகருக்குத் தெற்கே சிதம்பரம் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை இருப்பதால், உப்புச் சோதனையோடு நிற்காமல் கன உலோகச் சோதனையும் செய்வது நல்லது. காற்று மாறும் நேரத்தில் என்ன வாடை வருகிறது என்பதை அறிய, பகலில் எட்டிப் பார்த்தால் போதாது; ஒரு மாலையும் ஓர் இரவும் அந்தத் தெருவில் இருந்து பாருங்கள்.

சுவரில் உப்புப் பூத்திருப்பதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு: மேலே சொன்னவற்றைத் தீர்ப்பதைவிட இதைத் தீர்ப்பது எளிது. பழைய வீட்டின் செங்கல் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அது தரையிலிருந்து ஓதத்தை உறிஞ்சும், வெயில் பட்டால் வெளியே விட்டுவிடும். அப்படி வெளியேறும்போது கரைந்திருந்த உப்பு மேற்பரப்பில் வெள்ளையாகத் தங்கும். சுண்ணாம்புப் பூச்சு இருக்கும் வரை இது பெரிய சங்கதியல்ல, பூச்சு பொரிந்து விழும், மறுபடி பூசிக்கொள்ளலாம். யாரோ ஒருவர் அதன்மேல் சிமென்டைப் பூசி மூடியபோதுதான் தொல்லை தொடங்கியிருக்கும். வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறி, முழங்கால் உயரத்தில் இருந்த உப்பு இடுப்பு உயரத்துக்குப் போய், செங்கல்லையே மாவாக்கத் தொடங்கும். நீங்கள் பார்த்த வீட்டில் உப்பு எந்த உயரத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே சிமென்டுப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் கீறினால் பூச்சு மட்டும் உதிர்கிறதா, செங்கல்லும் சேர்ந்து உதிர்கிறதா என்பதில்தான் செலவின் அளவு இருக்கிறது. சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்க ஆறவிட்டு, மறுபடி சுண்ணாம்பில் பூச வேண்டும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள், பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை நடக்கிற புதுச்சேரிப் பக்கம் கிடைப்பார்கள்.

அதைவிட நான் அஞ்சுவது உத்திரக் கட்டைகளின் முனைகளைத்தான். கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு திருப்புளியை வைத்து அழுத்திப் பாருங்கள். நடுவில் இரும்பு போல இருக்கும் தேக்கு, முனையில் ரஸ்க் போல உள்வாங்கினால் ஓட்டையும் கட்டையையும் முழுதாக இறக்கிவிட்டுத்தான் வேலை செய்ய முடியும். பின்கட்டில் பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட் அறை இருந்தால் அதன் கூரையின் அடிப்புறத்தையும் பாருங்கள். கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காரையைப் பிதுக்கியிருந்தால், அந்த அறைக்கு விலையே போடாதீர்கள். இடிக்கும் செலவைக் கழியுங்கள். கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது கட்டுமான விதிநூல். பழைய சேர்மானங்களில் அதில் பாதியைக் கண்டாலே பெரிது.

செலவுக் கணக்கில், தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக 9 சதவீதம் ஆகும். விலைக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் எது அதிகமோ அதன்மேல் இது கணக்காகும். 40 லட்சத்துக்கு 3,60,000 ரூபாய். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்ற 2025ஆம் ஆண்டுச் சலுகை 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குத்தான்; உங்களுக்குப் பயன்படாது. வாங்கிய பிறகு மறக்காமல் வெள்ளத்துக்கும் புயலுக்கும் சேர்த்து வீட்டுக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு வடக்கே கடலைப் பார்த்த மனைகள் என்று விளம்பரம் செய்கிறார்கள். பஞ்சாயத்து அப்ரூவல் இருப்பதாகச் சொல்கிறார்கள். வீடு கட்டி, சிறிய பாய்ப்படகு ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் மகனின் ஆசை. வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: 'கடலைப் பார்த்த' என்ற சொல்லே எச்சரிக்கை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. நகரமாக ஏற்கெனவே கட்டடங்கள் எழுந்துவிட்ட பகுதியில், இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்ட அனுமதி கிடைக்க வாய்ப்பிருக்கிறது. கிராமப் பகுதியில் 2011ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி முதல் 200 மீட்டரில் புதிய வீடு கூடாது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தாலும், அதற்கேற்ற மண்டல வரைபடம் ஒப்புதல் பெற்றிருந்தால்தான் அது செல்லும். கடலிலிருந்து தள்ளியிருக்கிறோம் என்று நினைத்து ஆற்றங்கரை மனையை வாங்குகிறவர்கள், கடலின் ஏற்றவற்றம் எட்டுகிற ஆற்றோரத்துக்கும் இதே அறிவிக்கையில் தடைப்பகுதி உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். கெடிலமும் உப்பனாறும் தென்பெண்ணையின் முகத்துவாரமும் அப்படிப்பட்டவையே. மனையின் புல எண்ணை எழுதிக்கொண்டு போய், மண்டல வரைபடத்தில் அது எங்கே விழுகிறது என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ஒன்று இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம்; 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பிறகு 2005இல் தமிழ்நாடு அரசு, அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்த மீனவர்களிடம், தள்ளிப் போக விரும்பினால் புதிய வீடு இலவசமாகத் தருகிறோம், பழைய மனையை அரசிடம் விட்டுவிடுங்கள் என்றது. பலர் போனார்கள். அவர்கள் விட்டுப்போன மனை இன்று அரசுடையது. ஆனால் பழைய அனுபவத்தையும் பழைய வரி ரசீதையும் காட்டி அதை விற்க முன்வருகிற ஆட்கள் இருக்கக்கூடும். அதுபோலவே, உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த வீட்டை வாங்க நினைத்தால் ஒப்படைப்புப் பட்டாவில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மீனவர் குப்பத்தின் நடுவே, அவர்கள் வலை உலர்த்தும் மணலை வேலியடைத்துக்கொண்டு வாழ்வது யாருக்கும் நிம்மதி தராது. 2024 வெள்ளத்தில் குண்டு உப்பலவாடி, தாழங்குடாப் பக்கம் தண்ணீர் நின்றதையும் மகனிடம் சொல்லுங்கள். வீட்டை மஞ்சக்குப்பத்திலோ புதுப்பாளையத்திலோ வைத்துக்கொண்டு கடலுக்குப் போய் வரலாமே.

கேள்வி: முதுநகரில் நான் பேசிக்கொண்டிருக்கும் வீட்டை 'புனித டேவிட் கோட்டைக் காலத்து வீடு' என்று சொல்லி, அதற்காகவே 5 லட்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: கோட்டைக் காலம் என்றால் எந்தக் காலம் என்று கேளுங்கள். புனித டேவிட் கோட்டை என்பது தேவனாம்பட்டினத்துக் கோட்டைதான்; அதை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராத்தியரிடமிருந்து வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த இடம் வரை தன் எல்லை என்று அது எடுத்துக்கொண்டது. குண்டு உப்பலவாடியின் பெயரில் அந்தக் குண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது சில ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமே இதுதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். 1783இல் ஊர் மறுபடி முற்றுகைக்கு உள்ளானது. அந்த ஜூன் மாதம் எதிரே கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸும் தம் பாய்க்கப்பல் படைகளோடு மோதினார்கள். கோட்டையே இடிந்துபோன ஊரில், புயலும் வெள்ளமும் அரித்த இருநூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டி ஒரு குடியிருப்பு வீடு முழுதாக நிற்பது அரிது. முதுநகரில் 'கோட்டைக் காலத்து வீடு' என்று காட்டப்படும் வீடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியையோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மங்களூர் ஓடு போட்டிருந்தால், அந்த ஓட்டுத் தொழிற்சாலைகளே 1860களில்தான் தொடங்கின என்பதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்; ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் தொழிற்சாலையின் பெயர் முத்திரையாக இருக்கும். ஓடு மட்டும் பின்னாளில் மாற்றியது என்பார்கள்; அப்படியானால் பத்திரத்தைக் காட்டட்டும். கடலூரில் வங்கியோ பதிவுத் துறையோ பழைமைக்கென்று ஒரு பைசா மதிப்புப் போடுவதில்லை. தூணும் கதவும் நன்றாக இருந்தால் அந்த மரத்துக்குரிய விலையைக் கொடுங்கள், பீரங்கிக்குக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: புதுச்சேரியின் தமிழர் பகுதியில் ஒரு பழைய வீட்டை வாங்கப் பேசிவருகிறோம். மூலப் பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறது. விற்பவரின் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளது. நான் பார்க்க வேண்டியது என்ன?
– வாசகி, விழுப்புரம்

பதில்: பிரெஞ்சில் இருப்பதால் பத்திரத்துக்குக் குறைவில்லை. 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணையும் முன், பத்திரங்களை எழுதிப் பாதுகாத்தவர்கள் நொத்தேர்கள். அவர்கள் எழுதிய பத்திரம் ஒழுங்கானது. ஆனால் உங்களுக்கு வேண்டியவர் பிரெஞ்சுச் சட்டச் சொற்கள் தெரிந்த புதுச்சேரி வழக்கறிஞர். மொழிபெயர்ப்பாளர் மட்டும் போதாது. அந்தக் குடும்பத்தின் முன்னோர், 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்'களா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். ஆமென்றால் வாரிசுரிமையும் கணவன் மனைவி சொத்துரிமையும் அந்தச் சட்டப்படியே பார்க்கப்படும். திருமணத்துக்குப் பின் வாங்கிய வீட்டில், கணவர் பெயரில் மட்டும் பத்திரம் இருந்தாலும், மனைவிக்குப் பங்கிருக்கக்கூடும். இல்லையென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டம் எந்த ஆண்டிலிருந்து அந்தக் குடும்பத்துக்குப் பொருந்தியது என்பதைக் கவனிக்க வேண்டும்; அதற்கு முன்பு இறந்தவரின் சொத்துக்குக் கணக்கு வேறு. விற்பவர் பிரான்சில் வசிக்கிறவர் என்றால், முதல் பதிலில் வெளிநாட்டு வாரிசைப் பற்றிச் சொன்ன அதிகாரப் பத்திரமும் வரிப் பிடித்தமும் இங்கேயும் உண்டு.

தெருத்தாழ்வாரத்தை இடித்துவிட்டு அங்கே கடை வைக்கும் எண்ணம் இருந்தால், வாங்குவதற்கு முன்பே நகர அமைப்புக் குழுமத்தில் அந்த வீடு மரபுக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இருந்தால் முகப்பில் கை வைப்பது எளிதாக இருக்காது.

கேள்வி: தரகர் பாதிப் பணத்தை ரொக்கமாகக் கேட்கிறார். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். கடலூரில் எல்லோரும் இப்படித்தானாம்.
– வாசகர், பண்ருட்டி

பதில்: எல்லோரும் செய்வதால் சட்டம் மாறிவிடாது. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு, வாங்கிய தொகைக்குச் சமமான தொகையே தண்டமாக விதிக்கப்படலாம். உங்களுக்கு வரும் நட்டம் வேறு: பின்னாளில் உரிமை வழக்கு வந்து விலையைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால், பத்திரத்தில் இருக்கிற தொகையைத்தான் நீதிமன்றம் பார்க்கும். பழைய வீட்டில் வழக்கு வர வாய்ப்பு அதிகம் என்பதால் அங்கே இது இன்னும் பெரிய அபாயம். நீங்களே விற்கும் நாளிலும், வாங்கிய விலை குறைவாகக் காட்டப்பட்டிருப்பதால் மூலதன ஆதாய வரி உங்கள் தலையில் கூடுதலாக விழும். முழுத்தொகையையும் வங்கி வழியாகவே கொடுப்பேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.